அனுபவப் பகிர்வு: இங்கிலாந்து ஊர் ஆலயங்களில் கோடைகாலம்

வார்டன் சாவிக்கொத்து

இங்கிலாந்துத் திருச்சபையில் சேகர (பாரிஷ்) ஆண்டுக் கூட்டம் மே 31-க்குள் முடிந்தாக வேண்டும். அங்கே "கோடையில் என்ன பெரிய வேலை இருந்துவிடப் போகிறது" என்று நம்பி வார்டன் பொறுப்புக்கு (ஆலயத்தையும் அதன் பொருள்களையும் கவனிக்கும் சபையார் பொறுப்பு) தலையாட்டிய நம் ஆட்களுக்காக இந்தத் திரி. பாடகர் குழு ஜூலைக் கடைசியில் கலைந்துவிடும், ஓய்வுநாள் பள்ளி இருக்காது, குருவானவரும் சில ஞாயிறுகள் ஊரில் இருக்க மாட்டார். எல்லாம் உண்மைதான். ஆனால் கல்யாணங்கள், கோடை விழா, கொத்து வேலை, சாரம், வௌவால் எல்லாம் வந்து குவிவதும் இதே மாதங்களில்தான். சாட்சி வேண்டாம், சொந்தக் கதை வேண்டாம். அளவு, தேதி, எது ஏன் கெடுகிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

முதலில் குருவானவர் இல்லாத ஞாயிறு. ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஓய்வுபெற்றவர் ஆராதனை நடத்த அந்தத் திருமண்டலத்துப் பேராயரின் எழுத்து அனுமதி வேண்டும். அடுத்த திருமண்டலத்தில் வாங்கியது இங்கே செல்லாது. அதற்குக் காலவரம்பும் உண்டு, முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஆகஸ்டுக்கு ஈஸ்டர் கழிந்த கையோடு ஆள் சொல்லி வைத்தால்தான் உண்டு. அதே பெரியவரை நாலு சேகரங்கள் தேடும்.

வருகிறவருக்கு ஒரே பக்கத்தில் குறிப்பு அனுப்புங்கள்: ஆராதனை நேரம், 1662 ஜெபப் புத்தகமா புதிய ஆராதனை நூலான காமன் வொர்ஷிப்பா, அப்பம் எத்தனை பேருக்கு, குளூட்டன் குறைந்த அப்பம் எந்தக் கிண்ணத்தில், மைக் எப்படிப் போடுவது, அன்றைக்கு வாசிக்க ஓலை (கல்யாண அறிவிப்பு) இருக்கிறதா. கடைசிக் கேள்விதான் அதிகம் விட்டுப்போகிறது. அப்பமும் ரசமும் முன்பே பிரதிஷ்டை செய்து வைத்துப் பிறகு பரிமாறும் முறைக்குப் பேராயரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். வரவேண்டியவர் வராத காலையில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. அப்போது கைகொடுப்பது காலை ஜெபம்தான். யார் நடத்துவது என்பதைக் குருவானவர் கிளம்புமுன் அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த பிரதிகள் வெஸ்ட்ரி (குருவானவர் உடை மாற்றும் அறை) அலமாரியில் இருக்கட்டும்.

பீட விரிப்பின் நிறம்: திரித்துவ ஞாயிறு கழிந்ததும் பச்சை. பலர் அதை விரித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பேதுரு பவுல் ஜூன் 29, தோமா ஜூலை 3, யாக்கோபு ஜூலை 25, பர்த்தொலொமேயு ஆகஸ்ட் 24, நான்கும் சிவப்பு. மகதலேனா மரியாள் ஜூலை 22 வெள்ளை. மறுரூபத் திருநாள் ஆகஸ்ட் 6 வெள்ளை அல்லது பொன். தோமாவை டிசம்பர் 21-இல் தேடுகிறவர்கள் 1662 நாட்காட்டியைப் பார்க்கிறார்கள். அந்தத் தேதிக்கும் அனுமதி உண்டு.

ஓலைக்காரர்

ஊரில் சொல்வது போலவே ஓலை என்றே சொல்கிறேன். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். தொடர்ச்சியான ஞாயிறுகளாக இருக்கத் தேவையில்லை, எனவே ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் வாசித்துச் சரிக்கட்டலாம். ஆனால் மூன்றாவது வாசிப்பு முடிந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும். ஆகஸ்ட் கல்யாணத்துக்கு ஜனவரியிலேயே ஆர்வமாக வாசித்துவிட்டால் அது செல்லாது, மறுபடி வாசிக்க வேண்டும். குருவானவர் இல்லாமல் பொதுமக்களில் ஒருவர் காலை ஜெபம் நடத்தும் நாளிலும் ஓலை வாசிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

பெண் ஒரு சேகரத்தில், மாப்பிள்ளை வேறு சேகரத்தில் என்றால் இரண்டு இடத்திலும் வாசிக்க வேண்டும். கல்யாணம் மூன்றாவது ஓர் ஆலயத்தில் என்றால் அங்கும். மற்ற ஆலயத்திலிருந்து ஓலைச் சான்று கையில் வராமல் குருவானவர் கல்யாணத்தை நடத்த முடியாது. கல்யாண வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காகிதத்துக்காகப் பூட்டிய வெஸ்ட்ரி கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது கோடையில் சாதாரணக் காட்சி, ஏனென்றால் அந்தச் சேகரத்துக் குருவானவரும் விடுமுறையில் இருப்பார்.

நம்மவர்களுக்கு மிக முக்கியமானது இது. 2015 மார்ச் 2 முதல், இருவரில் ஒருவர் இந்திய அல்லது இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவர் என்றால் ஓலை வாசித்துக் கல்யாணம் செய்யும் வழி கிடையாது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியிருந்தாலும் அப்படித்தான். இருவரும் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்து, பதிவு அதிகாரியின் சான்றோடு ஆலயத்துக்கு வர வேண்டும். காத்திருப்பு 28 நாள். சில வழக்குகளில் அதை 70 நாளாக நீட்டுவார்கள். அறிவிப்புக் கொடுக்க நேரம் கிடைப்பதே கோடையில் தாமதமாகும். ஆகவே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே இருவருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்துவிடுவது நல்லது. வாட்ஸாப்பில் அனுப்பிய பெயர் போதாது. தந்தை பெயர் குடும்பப்பெயராக ஏறியிருக்கும், முதலெழுத்து விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாக் காகிதத்திலும் வர வேண்டும்.

2021 மே 4-க்குப் பிறகு ஆலயத்தில் பெரிய பச்சைப் பதிவேடு கிடையாது. மணமக்களும் இரண்டு சாட்சிகளும் குருவானவரும் ஒரே தாளில் கையெழுத்திடுகிறார்கள், அது 21 நாளுக்குள் பதிவு அலுவலகம் போய்ச் சேர வேண்டும். சான்றிதழ் அங்கிருந்துதான் வரும், அன்றைக்கே கையில் கிடைக்காது. விசாவுக்கு உடனே தேவைப்படுகிறவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். இந்தத் தாளில் தாயின் பெயருக்கும் இடம் உண்டு. பழைய பதிவேட்டில் தந்தை பெயர் மட்டும்தான். தாயின் முழுப்பெயரையும் தொழிலையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நேரம்: சபைச் சட்டப்படி கல்யாணம் காலை 8 முதல் மாலை 6-க்குள். நம் வீட்டுப் பெண் அலங்காரம் முடிந்து வரும் நேரம் ஊரறிந்தது. ஒரு மணிக் கல்யாணம் இரண்டுக்குத் தொடங்கினால், மூன்று மணிக்கு வேறு ஆலயத்தில் வாசிக்க வேண்டிய ஆர்கன்காரர் இரண்டரைக்கு எழுந்து போய்விடுவார்.

தேநீர் மேசை

கோடை விழாவைப் பற்றி எழுதுகிறேன், இங்கே ஃபேட் என்பார்களே அது. மதுவில் ஆரம்பிக்கிறேன். பிம்ஸ் விற்பதென்றால் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்வு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. பத்து முழு வேலைநாள் முன்பு போய்ச் சேர வேண்டும்; கொடுத்த நாளும் விழா நாளும் கணக்கில் வராது, வங்கி விடுமுறைத் திங்களும் வராது. பிந்திய அறிவிப்பு ஐந்து வேலைநாள் வரை கொடுக்கலாம், ஆனால் அதற்குப் போலீஸ் ஆட்சேபம் சொன்னால் அத்தோடு கதை முடிந்தது, வாதாட இடமில்லை. "விற்கவில்லை, காணிக்கை போட்டால் ஒரு கிளாஸ்" என்பது தப்பிக்கும் வழி அல்ல, அதுவும் விற்பனைதான்.

ராஃபிள்: சீட்டை விழா நடக்கும் இடத்திலேயே, விழா நேரத்திலேயே விற்றால் பதிவு எதுவும் வேண்டாம். வசூலிலிருந்து பரிசுக்கு 500 பவுண்டுக்கு மேலும் மற்றச் செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு வாரம் முன்னதாகவே வீடு வீடாக விற்கத் தொடங்கினால் அது வேறு வகை லாட்டரி ஆகிவிடும். கவுன்சிலில் பதிய வேண்டும், சீட்டில் விலையும் பொறுப்பாளர் பெயரும் குலுக்கல் தேதியும் அச்சாகியிருக்க வேண்டும்.

இனி தேநீரும் ஸ்கோனும். நூறு பேர் வருவார்கள் என்றால் ஸ்கோன் 120 வேண்டும். ஒரு கிலோ சுயமாய் உப்பும் மாவுக்கு நடுத்தர அளவில் முப்பது வரும், ஆக நாலு கிலோ. ஜாம் ஆளுக்கு 30 கிராம். 454 கிராம் புட்டி பதினைந்து பேருக்கு, ஏழு புட்டி. கிளாட்டட் கிரீம் ஆளுக்கு 40 கிராம் என்றால் 227 கிராம் டப்பா ஐந்தாறு பேருக்குத்தான் வரும், இருபது டப்பா. கிரீமில்தான் எல்லாரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கிரீமையும் ஜாமையும் தனித்தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். டெவன்காரர் கிரீமை முதலில் தடவுவார், கார்ன்வால்காரர் ஜாமை. மேசையில் நிற்கிறவர் அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம்.

குளிர வைத்த உணவு 8 டிகிரிக்கு மேல் ஒரே ஒரு முறை, நாலு மணி நேரம் வரை இருக்கலாம். சூடான உணவு 63 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இரண்டு மணி நேரம். எனவே கிரீமை எல்லாம் ஒரேயடியாக வெளியே எடுக்காமல் நாலு நாலு டப்பாவாக எடுங்கள். மட்டன் ரோல்ஸும் வடையும் நம் மேசையில் முதலில் தீர்ந்துபோகிறவை. ஆனால் கூடாரத் துணிக்குக் கீழே எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம். ஒரு காற்று அடித்தால் துணி வந்து சட்டியில் விழும். சமையலறையில் பொரித்துச் சூடு தாங்கும் பெட்டியில் கொண்டு வாருங்கள். ஒவ்வாமைப் பொருள்கள் பதினான்கு; ஒவ்வொரு பண்டத்துக்கும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற அட்டை வேண்டும். வீட்டிலிருந்து கேக் கொண்டுவருகிறவர்களிடம் சேர்மானத்தை எழுதி வாங்கினால்தான் அது முடியும். ரோல்ஸில் முட்டை, கடுகு, கோதுமை மூன்றும் இருக்கலாம். வடையில் பெருங்காயம் சேர்ந்தால் அதில் கோதுமை மாவு கலந்திருக்கிறதா என்று டப்பாவைப் பாருங்கள். பெரும்பாலும் கலந்திருக்கும்.

சில்லறை: வங்கிப் பை ஒன்றுக்கு ஒரு பவுண்டு நாணயம் 20 பவுண்டு, ஐம்பது பென்ஸும் இருபது பென்ஸும் 10 பவுண்டு, பத்து பென்ஸ் 5 பவுண்டு. ஒவ்வொரு கடைக்கும் கொடுத்த முன்சில்லறையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாலையில் உறவில்லாத இருவர் சேர்ந்து எண்ண வேண்டும். அட்டை தேய்க்கும் கருவி தடித்த கல் சுவருக்குள் சிக்னல் பிடிக்காது. வாசல் மண்டபத்தில் வைத்துப் பாருங்கள்.

சிறு கேள்வி

தேநீர் மேசை அக்கா, எங்கள் ஆலயத்தில் விழா அன்று சரியாக மூன்று மணிக்கு மின்சாரம் போய்விடும் என்கிறார்கள். ஆர்கனும் சேர்ந்து நின்றுவிடுகிறதாம். ஏன்?

தேநீர் மேசை

தம்பி, 20 லிட்டர் தண்ணீர்க் கொப்பரை 3 கிலோவாட், கிட்டத்தட்ட 13 ஆம்பியர். அது இரண்டு, கூட ஒரு கெட்டில் என்றால் 39. வெஸ்ட்ரியின் பிளக்குகள் எல்லாம் ஒரே 32 ஆம்பியர் சுற்றில் இருக்கும். பழைய ஆலயங்களில் அதைவிடக் குறைவு. மூன்று மணிக்குத்தான் எல்லாரும் தேநீருக்கு வருவார்கள், யாரோ அவசரத்துக்குக் கெட்டிலையும் போடுவார்கள். குளிர்ந்த தண்ணீரிலிருந்து கொதிக்க ஒரு கொப்பரைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும், எனவே ஒன்றை ஒன்றரைக்கும் மற்றதை இரண்டே காலுக்கும் போடுங்கள். கொதித்த பிறகு சூட்டைக் காக்க அவ்வளவு மின்சாரம் இழுக்காது. கெட்டிலை ஒளித்து வையுங்கள். சுருள் நீட்டிப்புக் கம்பியை முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுருளோடு இருந்தால் உள்ளே சூடேறி உருகும்.

மணிக்கூண்டு

விழா நாளில் கோபுரம் ஏற ஆளுக்கு இரண்டு பவுண்டு என்று பலகை வைக்கிறார்கள். நல்ல வருமானம்தான். ஆனால் மணிகள் வாய் மேல்நோக்கி நிறுத்தப்பட்டிருக்கும்போது ஒருவரையும் மேலே விடக் கூடாது, கீழே கயிற்றையும் தொட விடக் கூடாது. பல நூறு கிலோ எடையுள்ள மணி, விளிம்பில் நிற்கிறது. ஒரு பிள்ளை கயிற்றை இழுத்தால் மணி முழு வட்டம் சுற்றும், கயிறு அந்தப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகும். முந்தின நாளே எல்லா மணியையும் கீழே இறக்கி, கயிறுகளைக் கொக்கியில் சேர்த்து மேலே ஏற்றிவிட வேண்டும். இறக்கியாயிற்று என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

சணல், ஆளி நார்க் கயிறுகள் ஈரத்தில் சுருங்கும், வறண்ட காலத்தில் நீளும். ஜூலையில் கயிறு தொய்ந்து தரையில் கிடந்தால் யாரும் வெட்டிவிடாதீர்கள், நவம்பரில் எட்டாமல் போகும். நுனியில் முடிச்சை மாற்றிக் கட்டினால் போதும். மேல்பகுதி பாலியெஸ்டராக இருக்கும் கயிறுகளில் இந்தத் தொல்லை குறைவு. மணியைத் தாங்கும் சட்டம் ஓக் மரம் என்றால் கோடையில் மரம் வற்றி போல்ட்டுகள் தளரும். கோடைக் கடைசியில் ஸ்பானர் வைத்துப் பார்த்து, ஆடாத அளவுக்கு முடுக்கினால் போதும். இறுக்கித் தள்ளினால் மழைக்காலத்தில் மரம் ஊதும்போது வெடிப்பு விடும். அளவு தெரியாவிட்டால் லஃப்பரோவில் உள்ள டெய்லர் வார்ப்பகம் போன்ற இடத்திலிருந்து ஆளை அழைப்பது மலிவு.

கல்யாணத்துக்கு ஆறு மணிகளில், வரிசையை மாற்றி மாற்றி, முழு 720 மாற்றம் அடித்தால் ஏறக்குறைய 25 நிமிடம். படமெடுத்து முடியும் வரை அதுவே போதும். பீல் என்பது இதைவிட நீண்ட மணியடிப்பு: கால் பீல் முக்கால் மணி நேரம், முழுப் பீல் மூன்று மணி நேரம். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் காலம் இது. முழுப் பீல் என்றால் இரண்டு வாரம் முன்பே ஊர்ச் செய்திமடலிலும் அக்கம்பக்கத்துக் கதவுகளிலும் துண்டுச் சீட்டுப் போடுங்கள். புகார் வருவது சத்தத்துக்காக அல்ல, எப்போது முடியும் என்று தெரியாததற்காக.

கல்லறைப் புல்

எங்கே புல் வெட்டுவது, எங்கே விடுவது என்பதுதான் சேகரத்தில் வருகிற முதல் சண்டை. பூச்செடி வளரும் பகுதியை ஏப்ரல் தொடக்கத்தில் கடைசியாக வெட்டிவிட்டு ஜூலை நடு வரை, முடிந்தால் ஆகஸ்ட் வரை விட வேண்டும். வெட்டிய புல்லை ஐந்தாறு நாள் அங்கேயே உலரவிட்டால் விதை உதிரும். பிறகு கட்டாயம் வாரி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அதுவே உரமாகி அடுத்த ஆண்டு செந்தட்டி வகையும் முரட்டுப் புல்லும்தான் மண்டும், காட்டுப்பூ செத்துவிடும். பாதி சேகரங்கள் தோற்பது இந்த இடத்தில்தான். யெல்லோ ராட்டில் என்ற செடி புல்லின் வேரில் ஒட்டி அதன் பலத்தைக் குறைக்கும். இலையுதிர் காலத்தில் புல்லைச் சுரண்டி மண் தெரியும் இடத்தில் விதைக்க வேண்டும். கேரிங் ஃபார் காட்ஸ் ஏக்கர் என்ற தொண்டு நிறுவனம் இதற்கெல்லாம் கையேடு வைத்திருக்கிறது.

"கல்லறையைக் கவனிக்கவில்லை" என்ற புகார் வராமலிருக்க ஒரே வழி: பாதையோரம் ஒரு மீட்டர் அகலத்துக்கு எப்போதும் ஒட்ட வெட்டி வையுங்கள், ஆட்கள் வந்துபோகும் கல்லறைகளுக்குத் தடம் விடுங்கள், நடுவில் ஒரு பலகை வையுங்கள். ஓரம் சீராக இருந்தால் நடுவில் வளர்வது வேண்டுமென்றே விட்டது என்று கண்ணுக்குப் புரியும்.

ஸ்ட்ரிம்மரைக் கல்லுக்கு அருகே 15 செ.மீ.க்குள் கொண்டுபோகாதீர்கள். நைலான் நூல் மணற்கல்லை அரித்துவிடும், ஒவ்வொரு ஆண்டும் அதே உயரத்தில் ஒரு பள்ளம் விழும். அந்த ஓரத்தைக் கைக் கத்தரியால் வெட்டுங்கள். களைக்கொல்லியும் கல்லுக்கு ஆகாது. பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் வெளுப்பான் ஊற்றுவதும் அப்படித்தான். போர்வீரர் கல்லறைகள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பு, அவர்களிடம் எழுதிவிட்டுத் தொடுங்கள். இனி அடக்கம் இல்லை என்று சட்டப்படி மூடப்பட்ட கல்லறைத் தோட்டம் என்றால், 1972 உள்ளாட்சிச் சட்டம் 215-ஆம் பிரிவின்படி பி.சி.சி. (சேகரக் குழு) எழுதிக் கொடுத்து மூன்று மாதம் கழித்துப் பராமரிப்பை உள்ளாட்சியிடம் ஒப்படைக்கலாம். பல சேகரங்கள் இதைத் தெரியாமல் காசைக் கொட்டுகின்றன.

வௌவால். மே முதல் ஆகஸ்ட் வரை குட்டி போட்டு வளர்க்கும் காலம். இங்கே எல்லா வௌவால் இனமும் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. துரத்தக் கூடாது, நுழையும் ஓட்டையை அடைக்கக் கூடாது, வௌவால் இல்லாத காலத்திலும்கூட. எச்சம் எலியுடையதா வௌவாலுடையதா என்று தெரிய விரலுறையோடு நசுக்கிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் வௌவால். எச்சத்தைப் பெருக்கிவிடலாம். சிறுநீர்தான் பித்தளைத் தகடுகளையும் அலபாஸ்டர் சிலைகளையும் அரிக்கும். அவற்றின் மேல் காற்றுப் புகும் துணியைப் போடுங்கள். பிளாஸ்டிக் தாள் போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் கெடும். பாத்திரங்களை ஆராதனை தொடங்கும் வரை மூடியே வையுங்கள். தரையில் விழுந்த குட்டியை வெறுங்கையால் தொடாமல், துணி விரித்த பெட்டியில் வைத்து, வௌவால் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

சுண்ணாம்பும் ஈயமும்

கல்லறைப் புல் அண்ணை சொன்னதிலை இருந்துதான் எங்கடை பிரச்சினை துவங்குது. சுண்ணாம்புச் சாந்து வேலைக்கு ஏப்ரல் தொடக்கம் செப்டம்பர் வரைதான் காலம். 5 பாகைக்குக் கீழே குளிர் போனால் சாந்து இறுகாது, உறைபனி பட்டால் உதிரும். ஆனால் அதே மாதங்களிலைதான் வௌவால் குட்டி போடுது, உழவாரக் குருவிகள் மே தொடக்கத்திலை வந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை கூரை ஓரத்திலை கூடு வைத்திருக்குது. ஜூனிலை சாரத்தைக் கட்டினால் குருவி கூட்டுக்குள்ளே போக ஏலாது. அதனாலை கூரை வேலையை ஆகஸ்ட் கடைசி, செப்டம்பருக்கு வைக்கிறது, கீழ்ச் சுவரை ஜூனிலை செய்யிறது. ஒப்பந்தக்காரரோடை கதைக்கும்போதே இதை எழுத்திலை போடுங்கோ.

வெயில் கூடினாலும் சாந்துக்கு ஆகாது. தண்ணி கெதியாக ஆவியாகிவிட்டால் சுண்ணாம்பு இறுகாமல் மாவாகப் போய்விடும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம் பன்னீர் தெளிக்கிற மாதிரி மெல்லிசாகத் தண்ணி அடிக்க வேணும். சீமெந்து போட்டு "கெதியாக முடிச்சுத் தாறம்" எண்டு வாற ஆக்களை உள்ளே விடாதேங்கோ. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது, பக்கத்துக் கல் வெடிச்சுக் கொட்டும்.

கூரை ஈயம் சூட்டிலை நீளும். இரண்டு மீற்றர் தகடு, குளிருக்கும் வெயிலுக்கும் இடையிலை 50 பாகை வித்தியாசம் எண்டால் மூன்று மில்லிமீற்றர் வரைக்கும். அசைய இடமில்லாமல் அடிச்சிருந்தால் மடிஞ்சு, பிறகு வெடிக்கும். 2022 ஜூலை 19-இலை கொனிங்ஸ்பியிலை 40.3 பாகை பதிவான மாதிரி ஒரு வெக்கை அடிச்சால், அடுத்த கிழமையே தெற்குப் பக்கக் கூரையைத் தொலைநோக்கியாலை பாருங்கோ. ஏற வேண்டாம். ஈயக் கள்ளரும் இந்தக் காலத்திலைதான்; சாரம் நிக்கிற இடத்திலை ஏணியைப் பூட்டி வையுங்கோ. அடையாளத் திரவம் பூசியிருக்குதோ எண்டு காப்புறுதிக்காரர் கேட்பினம்.

வெக்கை நாளிலை ஆலயக் கதவை மத்தியானம் அகலத் திறந்து விடுகிறது பிழை. வெளியிலை இருக்கிற ஈரக் காற்று குளிர்ந்த கல்லிலை பட்டு நிலம் வியர்க்கும், பித்தளை கறுக்கும், ஆக்கள் சறுக்கி விழுவினம். விடிய வெள்ளன திறந்து, பத்து மணிக்குச் சாத்தி, பின்னேரம் மீண்டும் திறவுங்கோ.

அனுமதி: சின்ன வேலைக்கு ஆர்ச்டீக்கனின் எழுத்து போதும், பெரிய வேலைக்கு முழு ஃபாகல்ட்டி (திருமண்டல நீதிமன்ற அனுமதி) வேணும், அதுக்கு 28 நாள் பகிரங்க அறிவித்தல் கதவிலை தொங்க வேணும். கல்லறைத் தோட்டத்து மரத்தை வெட்டவும் கேட்க வேணும். பாதுகாப்பு வலயம் எண்டால் கவுன்சிலுக்கு ஆறு கிழமை முன்னறிவித்தல். இதெல்லாம் கூட்டிப் பார்த்தால் இந்தக் கோடை வேலைக்குப் போன மாரியிலேயே கடதாசி துவங்கியிருக்க வேணும்.

பீடமும் ஆர்கனும்

சூட்டில் ஆர்கன் சுருதி ஏறும். ஒரு டிகிரிக்கு ஒரு அரைச்சுரத்தில் நூறில் மூன்று பங்கு. 18 டிகிரியில் சுருதி சேர்த்த குழல் 28 டிகிரியில் 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 447-ஐத் தாண்டி ஒலிக்கும். நாக்குக் குழல்கள் அந்த அளவுக்கு ஏறாது, ஆகவே இரண்டும் சேர்ந்தால் நாராசம். அன்றைக்குச் சுருதி சேர்ப்பவரைக் கூப்பிட்டுத் திருத்தினால் செப்டம்பரில் எல்லாமே தப்பாகிவிடும். நாக்குக் குழல்களை மூடிவிட்டு வாசியுங்கள். மின் கீபோர்டையோ வயலினையோ ஆர்கனோடு சேர்ப்பது அந்த வாரம் வேண்டாம்.

பூ அலங்காரத்தில் லில்லி வந்தால் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். விரிப்பில் பட்டால் தண்ணீர் போட்டுத் துடைக்காதீர்கள், சாயம் இறங்கும். ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுங்கள். பச்சை நுரைக் கட்டிக்குப் பதில் கோழிக்கூட்டுக் கம்பி வலை போதும். ஆனால் வலை வைத்த பாத்திரத்தில் நீர் சீக்கிரம் குறையும், வெக்கையில் தினமும் ஊற்ற ஆள் வேண்டும். சனிக்கிழமைக் கல்யாணப் பூவை ஞாயிறுக்கும் விட்டுவைப்பதா என்று வீட்டாரிடம் முன்பே கேளுங்கள், இல்லாவிட்டால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆகஸ்ட் 1 லாமாஸ் என்ற புது விளைச்சல் திருநாள். புதுக் கோதுமையில் சுட்ட ரொட்டியைப் படைத்து அதையே திருவிருந்துக்குப் பயன்படுத்தலாம். சபைச் சட்டம் புளித்ததோ புளிக்காததோ தடை சொல்லவில்லை, கோதுமை மாவாக இருக்க வேண்டும். அரிசி மாவு சேர்த்து நம் முறையில் சுடலாமா என்று கேட்பவர்களுக்கு, கூடாது. மேலோடு முறுகாமல் நெருக்கமாகச் சுடுங்கள், உதிர்ந்தால் துணுக்குகளைக் கம்பளத்திலிருந்து பொறுக்குவது பெரும்பாடு.

பொருளாளர் மேசை

ஆகஸ்டில் காணிக்கைத் தட்டு மெலியும். பயணிகள் போடும் சில்லறையை வீணாக்காதீர்கள். ஆளுக்கு 30 பவுண்டு வரையான ரொக்கம், அட்டையைத் தொட்டுச் செலுத்துவது (காண்டாக்ட்லெஸ்) இரண்டுக்கும் பெயர் படிவம் இல்லாமலே அரசிடமிருந்து கால் பங்கு கேட்கலாம். ஆண்டுக்கு 8,000 பவுண்டு காணிக்கை வரை, அதாவது 2,000 பவுண்டு திரும்ப வரும். ஆனால் படிவத்தோடு வரும் காணிக்கை அதில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். விழாவில் ஸ்கோன் விற்ற காசு இதில் சேராது, அது காணிக்கை அல்ல. எனவே விழா அன்று வாசலில் காணிக்கைப் பெட்டியைத் தனியாக வைத்துத் தனியாக எண்ணுங்கள்.

செய்திமடல் ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் சேர்த்து ஒரே இதழாக வரும். அறுப்பின் பண்டிகைத் தேதியும் செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் ரைட் அண்ட் ஸ்ட்ரைடும் இந்த இதழிலேயே ஏற வேண்டும். செப்டம்பர் இதழுக்கு விட்டால் நன்கொடையாளர் சேர்க்க நேரம் இருக்காது. சைக்கிளிலும் நடந்தும் ஆலயம் ஆலயமாகப் போகிறவர்கள் திரட்டும் பணத்தில் பாதி அவரவர் ஆலயத்துக்கு, பாதி மாவட்ட ஆலயப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு. ஆலயத்தில் ஆள் உட்கார வைக்க முடியாவிட்டாலும் வாசல் மண்டபத்தில் கையெழுத்துத் தாள், கயிறு கட்டிய பேனா, தண்ணீர்க் குடம் வையுங்கள். பேனாவைக் கட்டாவிட்டால் பத்தரை மணிக்குள் போய்விடும்.

வார்டன் சாவிக்கொத்து

விடுமுறை வேதாகமப் பள்ளியைப் பற்றி யாரும் எழுதவில்லை. 4 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வரை எட்டுக்கு ஒருவர். பிள்ளைகள் நாலு பேர்தான் என்றாலும் பெரியவர் இருவர் வேண்டும். உதவிக்கு வருகிறவர்களின் டி.பி.எஸ். (குற்றப் பின்னணி) சோதனையை மே மாதமே தொடங்குங்கள். வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளுக்கு அந்த நாட்டுச் சான்று கேட்டால் ஊரிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். படமெடுக்கப் பெற்றோர் சம்மதத்தைச் சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு கட்டமாகப் போட்டுவிடுங்கள், சம்மதிக்காத பிள்ளைக்கு வேறு நிறக் கைப்பட்டை. நடத்திப் பழகியவர்கள் பாட அட்டவணையை இங்கே போடுங்கள்.